கஜிமாயாவின் மருமகள்

ஒசாகாவில் உள்ள டைடோ ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் ஆவணங்களில் ஒரு பழைய கடன் பத்திரம் இருக்கிறது. தொகை 400 ரியோ. கடன் வாங்கியது ஷின்சென்குமி. ஷோகுன் என்ற படைத்தலைவரின் அரசைக் காப்பாற்றக் கியோத்தோ தெருக்களில் வாளோடு சுற்றிய படை அது. கொண்டோ இசாமி, ஹிஜிகாட்டா தோஷிசோ என்று இரண்டு பெயர்கள் அதில் இருக்கின்றன. பழைய நாட்காட்டிப்படி 1867ஆம் ஆண்டின் கடைசி மாதம் எழுதியது. சில வாரங்களிலேயே ஷோகுனின் படை தோபா-ஃபுஷிமியில் தோற்று ஓடியது.

கடன் கொடுத்த கடையின் பெயர் கஜிமாயா. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருடம் ஆகியிருந்த பெண்ணுக்கு அப்போது 18 வயது. பெயர் ஹிரோஒகா அசாகோ. அடுத்த நாற்பது வருடத்தில் அந்த வீடு லேவாதேவியிலிருந்து நிலக்கரிக்கும், வங்கிக்கும், ஆயுள் காப்பீட்டுக்கும் போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் அசாகோ இருந்தார். ஆனால் எந்த நிறுவனத்துக்கும் அவர் தலைவர் இல்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த முடிச்சு இதுதான். பெண்ணைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே விடாத ஒரு சமூகம் தன் பணத்தை இவரிடம் எப்படி விட்டது?

படிக்கக் கூடாது என்று சொன்ன வீடு

அசாகோ பிறந்தது 1849இல், கியோத்தோவில், மிட்சுயி குலத்தின் ஒரு கிளை வீட்டில். பின்னாளில் கோஇஷிகவா மிட்சுயி என்று அழைக்கப்பட்ட கிளை. மிட்சுயி என்றால் ஜவுளியும் பணமாற்றுமாக நாடெங்கும் தெரிந்த பெயர். பணத்துக்குக் குறைவில்லை. பெண் பிள்ளைக்குக் கொடுத்ததெல்லாம் தையல், தேநீர்ச் சடங்கு, கோத்தோ வாத்தியம். ஆண் பிள்ளைகள் படித்த சீனப் பாடங்களை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தவளை, 13 வயதில் புத்தகத்தையே தொடக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இரண்டு வயதிலேயே நிச்சயம் வேறு முடிந்திருந்தது. மாப்பிள்ளை ஹிரோஒகா ஷின்கோரோ, ஒசாகா கஜிமாயாவின் இரண்டாவது மகன்.

1865இல் கல்யாணம். புகுந்த வீட்டில் அசாகோ பார்த்தது வேறு மாதிரியான ஆச்சரியம். வீட்டு ஆண்கள் வியாபாரத்தில் தலையிடுவதே இல்லை. கணவர் நோ நாடகப் பாட்டும் தேநீரும் என்று பொழுதைக் கழித்தார். கடை முழுவதும் பாந்தோ கையில். நம் ஊர் வழக்கில் தலைமைக் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிகாரம் அதைவிடக் கூடுதல். பத்து வயதில் எடுபிடியாகக் கடைக்குள் வந்து, முப்பது வருடம் உழைத்து, கடைசியில் முத்திரைக் கட்டையையே கையில் வைத்திருப்பவர் பாந்தோ.

இப்படி எவ்வளவு நாள் ஓடும், ஒரு நாள் இடி விழுந்தால் இந்த வீட்டைத் தாங்குவது யார் என்று அந்த வயதிலேயே யோசித்ததாக அசாகோ பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ராத்திரியில் கணக்கும் பேரேடு எழுதும் முறையும் தானாகவே கற்றுக்கொண்டார். கணவர் தடுக்கவில்லை. இந்தத் தடுக்காததை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சோம்பேறித்தனமா பெருந்தன்மையா என்று பின்னால் வந்தவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும்.

ஷின்கோரோ ஆசைநாயகியும் வைத்திருந்தார். அசாகோவின் பிறந்த வீட்டிலிருந்து அவரோடு கூட வந்த பணிப்பெண்தான் அந்தப் பெண். அவர் மூலம் ஒரு மகன், மூன்று மகள்கள். அசாகோவுக்கு 1876இல் பிறந்த கமேகோ ஒருத்திதான். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் இது ஒளித்துவைக்க வேண்டிய விஷயமாக இல்லை. அசாகோவை ஏதோ தனிக்காட்டு ராணியாக எழுதுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வீட்டுக்கு ஆள் வேண்டும், யாராக இருந்தாலும்

ஜப்பானிய வணிகக் குடும்பம் ரத்தத்தைவிடக் கடையைப் பெரிதாக நினைத்தது. கடை வாசலில் தொங்கும் சின்னம் போட்ட துணிக்கு நோரென் என்று பெயர். அது இறங்காமல் இருந்தால் போதும். மகன் உதவாக்கரை என்றால் ஒதுக்கிவிட்டு, கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளையை மகளுக்குக் கட்டிவைத்து, அவனுக்கே குடும்பப் பெயரையும் கடையையும் கொடுப்பார்கள். வீட்டோடு மாப்பிள்ளை அங்கே இளக்காரம் கிடையாது. பெண் பிறந்தால் நல்லது, மாப்பிள்ளையைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கலாம் என்ற எண்ணம்கூட ஒசாகா வணிகர்களிடம் இருந்தது.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில் பெண்ணுக்கு ஒரு சந்து கிடைக்கும். கோபேக்கு அருகே நிஷினோமியாவில் ஹகுஷிகா என்ற சாக்கே மது வடிக்கும் ததுஉமா குடும்பம் இருக்கிறது. 1662இல் தொடங்கிய தொழில். அந்த வீட்டு மகள் கியோ, 1809இல் பிறந்து 1900 வரை வாழ்ந்தவர். வீட்டோடு வந்த கணவர் 1855இல் இறந்த பிறகு தொழிலை நடத்தியது கியோதான். மது வடிக்கும் கூடத்துக்குள் பெண் காலடி வைத்தால் தீட்டு என்று நம்பிய தொழில் அது. அதனால் அவர் முன்னால் வரவே இல்லை. பாந்தோவைக் கூப்பிட்டுப் பேசுவார், பாந்தோ வெளியே போய்ச் செய்வார். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவருடைய முறை.

அசாகோ அந்த முறையை எடுக்கவில்லை. எடுக்க முடியாதபடி காலமும் மாறியது.

வெள்ளி செல்லாமல் போன நாள்

கஜிமாயாவின் தொடக்கம் 1625. ஒசாகாவின் தோஜிமாவில் நாட்டின் அரிசி விலை நிர்ணயமானது. டைமியோக்கள், அதாவது பிரதேசப் பிரபுக்கள், வரியாக வந்த அரிசியை ஒசாகாக் கிடங்குகளுக்கு அனுப்புவார்கள். அரிசிக்குப் பதில் சீட்டு கைமாறும். அந்தச் சீட்டை ஈடாக வாங்கிப் பணம் கொடுப்பதும், டைமியோக்களுக்கே நேரடியாகக் கடன் கொடுப்பதும் கஜிமாயாவின் தொழில். கோனோஇகே வீட்டோடு சேர்த்து ஒசாகாவின் முதல் பணக்காரர்கள் பட்டியலில் வரும் பெயர்.

1868இல் ஷோகுனுக்குப் பதிலாகப் பேரரசர் மெய்ஜியின் அரசு வந்ததும் முதல் வேலையாக ஒசாகா, கியோத்தோ வணிகர்களிடம் கைநீட்டியது. 30 லட்சம் ரியோ திரட்ட வேண்டும், கொடுங்கள் என்றது. மறுக்க முடியுமா? அதே ஆண்டு மே மாதம் இன்னொரு அடி. எடோவில் (இன்றைய தோக்கியோ) தங்க நாணயத்தை எண்ணிக் கணக்கு வைப்பார்கள். ஒசாகாவில் வெள்ளியை எடைபோட்டுக் கணக்கு வைப்பார்கள். கடைக்காரர்கள் எழுதித் தரும் சீட்டெல்லாம் வெள்ளிக் கணக்கில்தான் இருக்கும். அந்த வெள்ளிக் கணக்கே இனி கிடையாது என்று அரசு அறிவித்தது. கையில் சீட்டு வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் பணமாற்றுக் கடைகளின் வாசலில் போய் நின்றார்கள். பல கடைகள் அதோடு மூடியவைதான்.

அப்புறம் 1871இல் டைமியோ ஆட்சிப் பகுதிகளே ஒழிக்கப்பட்டன. கடன் வாங்கியவரே இல்லாமல் போனார். அந்தக் கடன்களை மெய்ஜி அரசு 1873இல் எப்படித் தீர்த்தது என்று பாருங்கள். 1843 வரை வாங்கியதெல்லாம் ரத்து. 1844 முதல் 1867 வரை வாங்கியதற்கு வட்டியில்லாமல் 50 வருடத் தவணை. அதற்குப் பிந்தியதற்கு மட்டும் 4 சதவீத வட்டி, 25 வருடம். தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த வீட்டுக்கு இதன் பொருள் என்ன? பேரேட்டில் 1,000 யென் என்று நின்ற பழைய கடனுக்கு வருடத்துக்கு 20 யென் வரும், அதுவும் பேரன் காலம் வரைக்கும்.

அசாகோவின் அக்கா ஹாருவும் ஒசாகாவின் இன்னொரு பெரிய பணமாற்று வீடான தென்னோஜியாவுக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். அந்த வீடு இந்த அலையில் எழுந்திருக்கவில்லை. ஹாருவும் இளவயதிலேயே இறந்துபோனார். ஒரே வீட்டு வளர்ப்பு, ஒரே தொழில், ஒரே ஊர், ஒரே அடி. தங்கை கெட்டிக்காரி என்பதால் மட்டும் ஒரு வீடு பிழைத்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, கஜிமாயாவின் கையிருப்பும் பெரியது. ஆனால் பிழைப்பது எவ்வளவு அரிதாக இருந்தது என்பது தென்னோஜியாவைப் பார்த்தால் புரியும்.

1869இல் மாமனார் இறந்தார். கணவரின் தம்பி மசாஅகி ஒன்பதாவது கியூஎமோனாகப் பட்டத்துக்கு வந்தார். (கடையின் தலைவர் ஒவ்வொருவரும் அதே பெயரை எடுத்துக்கொள்வது வழக்கம்.) இளம் தலைவர், தேநீரும் பாட்டுமான அண்ணன், நடுவில் கணக்குத் தெரிந்த அண்ணி. இருபது வயதில் அசாகோ கடன்காரர்களிடம் பேசப் போகிறவரானார். ஒரு டைமியோ மாளிகையில் அவரை அவமானப்படுத்துவதற்காகக் காவலாட்கள் படுக்கும் அறையில் உட்காரவைத்தார்களாம். அவர் ராத்திரி முழுவதும் அங்கேயே இருந்துவிட்டு, காரியம் முடித்துக்கொண்டுதான் எழுந்தார் என்று சொல்வார்கள்.

உருனோ

1880களின் நடுவில் ஹிரோஒகா வீடு நிலக்கரியில் இறங்கியது. முதலில் கரி விற்கும் கடை, அப்புறம் கியூஷுவின் சிகுஹோ பகுதியில், இன்றைய இஇஸுகா நகரத்தில் உருனோ சுரங்கம். பழைய வீட்டு ஆட்கள் யாருக்கும் இது பிடித்திருக்காது. நிலக்கரி அப்போது சூதாட்டம். எங்கே கரி இருக்கிறது, எவ்வளவு ஆழம், எப்போது தண்ணீர் புகும் என்று யாருக்கும் தெரியாது. உருனோவும் எதிர்பார்த்த அளவு கரி தரவில்லை. வருடக்கணக்கில் பணத்தைத் தின்றது.

அசாகோ தானே கிளம்பிப் போனார். கிமோனோவின் மடிப்புக்குள் ஒரு கைத்துப்பாக்கி இருந்ததாகவும், தொழிலாளர் குடியிருப்பிலேயே படுத்து எழுந்ததாகவும் அவரைப் பற்றிச் சொல்லாதவர்கள் இல்லை. இந்தத் துப்பாக்கிக் கதை எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் வேறொன்று தெரியும்.

சிகுஹோவின் சுரங்கத்துக்குள் பெண் இறங்குவது புதுமையே இல்லை. கணவன் முன்னால் போய்க் கரியை வெட்டுவான், அவனுக்கு சகியமா என்று பெயர். மனைவி பின்னால் நின்று வெட்டிய கரியைக் கூடையில் அள்ளி, குனிந்தபடி இழுத்துக்கொண்டு மேலேறுவாள், அவள் அதோயமா. உள்ளே புழுக்கம் தாங்காமல் இடுப்புத் துணியோடுதான் வேலை. இவர்களையெல்லாம் கொண்டுவந்து, நாயா என்ற கொட்டகையில் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, கூலியில் பிடித்துக்கொள்வது நாயாத் தலைவன் வேலை. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆக, அந்த ஆண்கள் தினமும் பக்கத்தில் பார்த்த பெண்கள் கரி இழுத்தார்கள். அவர்களுக்குப் புதிதாக இருந்தது பட்டணத்துப் பட்டுக் கிமோனோவில் வந்து, இன்னும் தோண்டு என்று சொன்ன பெண். துப்பாக்கி சுரங்கத்து ஆண்களுக்காகவா, கங்காணிகளுக்காகவா, தன் பயத்துக்காகவா என்று கேட்டால், மூன்றுக்கும் என்பேன்.

1897 வாக்கில் உருனோ திடீரென்று கரியைக் கொட்டியது. அங்கேதான் அவருடைய உண்மையான சாமர்த்தியம் என்று எனக்குத் தோன்றுகிறது: 1899இல் சுரங்கத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியது அரசின் யவதா இரும்பாலை. சீனாவோடு நடந்த போரில் கிடைத்த நட்டஈட்டுப் பணத்தின் துணையோடு எழும்பிக்கொண்டிருந்த ஆலை அது, கரி இல்லாமல் நகராது. பத்து வருடத்துக்கு மேல் கட்டிக்காத்த சொத்து, இப்போதுதான் காய்க்கிறது, இந்த நேரத்தில் விற்பதா என்று எந்தக் குடும்பமும் தயங்கும். விற்றது ஏன் என்றால், காய்க்கும்போதுதான் விலை வரும்.

வங்கி, காப்பீடு

கஜிமா வங்கி 1888இல் தொடங்கியது. தலைவர் கியூஎமோன். மறுவருடம் ஷின்கோரோ அமகசாகி நூற்பாலையின் முதல் தலைவரானார். அதாவது பாட்டுக்கார மனிதரும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

காப்பீட்டுக் கதை கொஞ்சம் சுவாரசியமானது. ஹிரோஒகா வீட்டுக்கு ஜோதோ ஷின்ஷு பௌத்தப் பிரிவோடு நெடுநாள் உறவு. அந்தப் பிரிவின் அடியார்களை நம்பித் தொடங்கிய ஷின்ஷு ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தள்ளாடியபோது, உதவி கேட்டுக் கஜிமாயாவிடம் வந்தார்கள். 1899இல் எடுத்துக்கொண்டார்கள். சுரங்கம் கைமாறிய அதே வருடம். பெயரை அசாஹி என்று மாற்றினார்கள் (இன்றைய அசாஹி வேறு). தனியாக ஓட்டினால் தேறாது என்று தெரிந்ததும் தோக்கியோவின் கோகோகு, வடக்கே ஹொக்கைடோவின் ஹொக்கை என்ற இரண்டு நிறுவனங்களோடு பேசி, 1902இல் மூன்றையும் ஒன்றாக்கினார்கள். அதுதான் டைடோ. சின்ன வேற்றுமைகளை விட்டுப் பெரிய ஒற்றுமைக்கு வருவது என்ற பொருளில் வைத்த பெயர். முதல் தலைவர், வழக்கம்போல, கியூஎமோன். பேச்சுவார்த்தைகளுக்குப் பின்னால் இருந்தது அண்ணி.

யார் பெயரில்?

1898இல் நடைமுறைக்கு வந்த மெய்ஜி சிவில் சட்டம், மனைவி கடன் வாங்க, ஜாமீன் நிற்க, சொத்தை விற்க, வழக்குப் போட, எல்லாவற்றுக்கும் கணவரின் ஒப்புதல் வேண்டும் என்றது. சாமுராய் வீட்டு ஒழுங்கை எல்லார் தலையிலும் கட்டிய சட்டம் என்று சொல்லலாம். பழைய வணிக வீட்டில் வழக்கத்தின் பேரில் பெண்ணுக்குக் கிடைத்த நெளிவு சுளிவு, புதிய நாகரிக அரசின் எழுத்தில் கிடைக்கவில்லை. ஜப்பான் நவீனமாக ஆக ஆகப் பெண்ணுக்குக் கதவு திறந்தது என்று பொத்தாம்பொதுவாக நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் பிரிவுகள் 1947இல்தான் போயின.

ஆகவே வங்கியையும் காப்பீட்டையும் நகர்த்திக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், சட்டத்தின் கண்ணில் அசாகோ தன் கணவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு வீட்டைக்கூட விற்க முடியாதவர். அவருடைய அதிகாரம் மூன்று ஆண்களின் சம்மதத்தில் நின்றது. தடுக்காத கணவர், கேட்டுக்கொண்ட கொழுந்தன், ஒத்துழைத்த கணக்குப்பிள்ளைகள். ஒருவர் முகத்தைத் திருப்பியிருந்தாலும் கதை உருனோவுக்கு முன்பே முடிந்திருக்கும்.

இதை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு அடையாளம் மெஜிரோவில் இருக்கிறது. ஒசாகாவில் பெண்கள் பள்ளி ஒன்றை நடத்திவந்த நருசே ஜின்ஸோ, பெண்கல்வி பற்றி 1896இல் வெளியிட்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டு உதவி கேட்டு வந்தார். கையேந்தி வருகிறவர்களை அசாகோ எளிதில் உட்காரவைக்க மாட்டார். ஆனால் அந்தப் புத்தகத்தை மூன்று தடவை படித்தார். 5,000 யென் கொடுத்தார், ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். ஜப்பான் மகளிர் பல்கலைக்கழகம் 1901 ஏப்ரலில் தோக்கியோவின் மெஜிரோவில் திறந்தது. நிலம் ஏறக்குறைய 5,500 சுபோ, நம் கணக்கில் நாலரை ஏக்கர். கொடுத்தது மிட்சுயி குடும்பம்; 13 வயதில் அவரிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கிய அதே பிறந்த வீடு. கேட்டு வாங்கியது அசாகோ. அந்தப் பேச்சு எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

மாப்பிள்ளை

1904இல் ஷின்கோரோ இறந்தார். அசாகோ அத்தோடு தொழிலிலிருந்து விலகினார். பொறுப்பு போனது மகள் கமேகோவுக்கு அல்ல, கமேகோவின் கணவர் கெய்ஸோவுக்கு. வீட்டோடு வந்த மாப்பிள்ளை, முன்னாள் டைமியோ குடும்பத்துப் பிள்ளை. இதே வர்க்கத்துக்குக் கொடுத்த கடனில்தான் கஜிமாயா முப்பது வருடம் முன்பு முங்கி எழுந்தது. 1909இல் கெய்ஸோ டைடோவின் இரண்டாவது தலைவரானார்.

பெண்ணுக்குப் பல்கலைக்கழகம் கட்டிய தாய், தன் மகளிடம் கடையைக் கொடுக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லலாம், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 1898இன் சட்டத்தை வைத்துப் பார்த்தால், கமேகோவிடம் கொடுத்தாலும் கையெழுத்துக்குக் கெய்ஸோவிடம்தான் போயாக வேண்டும். அதோடு, அசாகோவைப் போலக் கணக்கில் உயிரை வைத்த ஒருத்தி அடுத்த தலைமுறையிலும் பிறக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

விலகிய பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. 1909 வாக்கில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. 1911 கிறிஸ்துமஸில் ஞானஸ்நானம். பத்திரிகைகளில் எழுதியபோது வைத்துக்கொண்ட புனைபெயர், ஒன்பது தரம் விழுந்து பத்தாவது தரம் எழுந்தவர் என்று பொருள்படும். ஏழு தரம் விழுந்தால் எட்டாவது எழு என்பது ஜப்பானியப் பழமொழி. அவருக்கு அந்தக் கணக்கு போதவில்லை போல. 1914 முதல் கோடைக்காலங்களில் ஃபூஜி மலையடிவாரத்தில், கோதெம்பாவில் இருந்த தன் வீட்டில் இளம் பெண்களைக் கூட்டி வகுப்பு நடத்தினார். வந்தவர்களில் ஒருவர் இச்சிகாவா ஃபுஸஏ, பின்னாளில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடி நாடாளுமன்றம் வரை போனவர். இன்னொருவர் மொழிபெயர்ப்பாளரான முரஒகா ஹனகோ.

கஜிமா வங்கி 1927இன் நிதி நெருக்கடியில் அடிபட்டு, பிறகு கலைந்துபோனது. டைடோ நிலைத்தது. அதன் ஒசாகாத் தலைமையகம் பழைய கஜிமாயா இருந்த மனையிலேயே நிற்கிறது.

அசாகோ 1919 ஜனவரி 14 அன்று இறந்தார். உயில் என்று தனியாக எதுவும் கிடையாது, வழக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம்தான் உயில் என்றாராம். கடையின் பேரேடு அதற்குப் பதினைந்து வருடம் முன்பே மாப்பிள்ளையிடம் போயிருந்தது.